கோமஸ் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோமஸ் குழுவின் 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்' என்ற இந்த இசைத்தட்டை யாருக்காவது அனுப்பினால் இரண்டு நாளில் பதில் வந்துவிடும். பாதிப் பேர் "என்னய்யா இது, தலைவலி" என்பார்கள். மீதிப் பேர் நடுராத்திரியில் கேள்வி மேல் கேள்வியாக அனுப்புவார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்கு எழுதி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன்.

கோமஸ் என்பது யார்?

இங்கிலாந்தில், லண்டனின் தென்கிழக்குப் பகுதியில் இருக்கும் ப்ராம்லியில் 1969 வாக்கில் உருவான ஆறு பேர் கொண்ட சைக்கடெலிக் ஃபோக் குழு. ரோஜர் வூட்டன் பாடகர், கிட்டாரும் வாசிப்பார். பாட்டுகளின் மூளையும் பெரும்பாலும் அவர்தான். க்ளென் கோரிங் கிட்டார், ஆண்டி ஹெலபி பேஸ், காலின் பியர்சன் வயலினும் வயோலாவும், ராப் யங் புல்லாங்குழலும் ஓபோ என்ற ஊதுகருவியும். ஆறாவது ஆள் பாபி வாட்சன், குழுவின் ஒரே பெண் குரல். 1971 பிப்ரவரியில் 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்' என்று ஒரு இசைத்தட்டு போட்டார்கள். விற்கவில்லை. அடுத்த வருடமே குழு கலைந்துபோனது. இவ்வளவுதான் வரலாறு என்று முடித்திருக்க வேண்டியது, முடியவில்லை.

கோமஸ் என்றால் என்ன அர்த்தம்?

கிரேக்கப் புராணத்தில் கோமஸ் கூத்துக்கும் குடிக்கும் உரிய தெய்வம். ஆனால் குழு பெயரை எடுத்தது ஆங்கிலக் கவிஞர் மில்டனிடமிருந்து. 'இழந்த சொர்க்கம்' எழுதிய அதே மில்டன்தான், இளைஞராக இருந்தபோது எழுதிய 'கோமஸ்' என்ற நாட்டிய நாடகம் அது. 1634 செப்டம்பரில் லட்லோ கோட்டையில் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்கு முன்னால் அரங்கேறியது. பிரபுவின் 15 வயது மகள் ஆலிஸும் அவளுடைய தம்பிகள் இரண்டு பேரும் நடித்தார்கள். ஹென்றி லாஸ் இசையமைத்தார்.

கதை இதுதான். காட்டில் வழி தவறிய ஒரு பெண். மிருகத் தலையுடைய கூட்டத்தோடு திரியும் கோமஸ், ஆட்டிடையன் வேடத்தில் வந்து அவளை நயமாகப் பேசி அழைத்துப் போகிறான். மந்திர நாற்காலியில் உட்கார வைத்து, கையில் கிண்ணத்தைக் கொடுத்து, குடி குடி என்கிறான். அவள் மறுக்கிறாள். வாதம் செய்கிறாள், நல்ல வாதம். தம்பிகள் வாளோடு பாய்ந்து வந்து அவனைத் துரத்துகிறார்கள். நாற்காலியிலிருந்து எழ முடியாத அவளை செவர்ன் நதியின் தேவதை சப்ரினா வந்து விடுவிக்கிறாள். பிறகு எல்லோரும் ஆடிப் பாடி வீடு திரும்புகிறார்கள். கற்பு வென்றது, மங்களம்.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. நாடகம் அரங்கேறுவதற்கு மூன்று வருடம் முன்னால், 1631-இல், பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் மனைவியுடைய சகோதரியை மணந்திருந்த காசில்ஹேவன் பிரபு பாலியல் குற்றங்களுக்காகத் தலை வெட்டப்பட்டார். கற்பைப் பற்றிய இந்த அழகான நாடகத்துக்குப் பின்னால் அந்த நிழல் இருக்கிறது என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு, ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. எப்படியோ, கதையின் அடியில் கெட்ட வாடை முதலிலிருந்தே இருந்தது.

ரோஜர் வூட்டன் செய்த வேலை சின்னது. மில்டனின் கதையில் தம்பிகளையும் சப்ரினாவையும் எடுத்துவிட்டார். காடு இருக்கிறது, பெண் இருக்கிறாள், கோமஸ் இருக்கிறான். காப்பாற்ற யாரும் வரவில்லை. இந்த இசைத்தட்டு முழுவதையும் இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

சைக்கடெலிக் ஃபோக் என்கிறீர்களே, போதைப் பாட்டா?

பெயர் அப்படித்தான் தொடங்கியது. 1960-களின் பிற்பாதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நாட்டுப்புறப் பாடல்களோடு வளர்ந்த இளைஞர்கள், அந்தக் காலத்து மயக்கம், கீழைநாட்டு இசை, கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய பேகன் கதைகள் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறினார்கள். இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் இதில் மூத்தவர்கள். சிதாரிலிருந்து கஸூ என்ற சின்ன ஊதுகருவி வரை கையில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பார்கள்.

பெரும்பாலான சைக்கடெலிக் ஃபோக் இனிப்பானது. புல்வெளி, மந்திரவாதி, தேவதைகள், மெழுகுவர்த்தி. கோமஸ் அதே புல்வெளியில்தான் நிற்கிறது. இருட்டிய பிறகு.

எப்படித் தொடங்கினார்கள்? ராக் நட்சத்திரம் டேவிட் போவியோடு தொடர்பு என்கிறார்களே?

ரோஜர் வூட்டனும் க்ளென் கோரிங்கும் ராவன்ஸ்போர்ன் கலைக் கல்லூரியில் படித்தவர்கள். பக்கத்து ஃபோக் கிளப்புகளில் இருவருமாக அகூஸ்டிக் கிட்டாரோடு போய் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற நியூயார்க் ராக் குழுவின் பாட்டுகளைப் பாடினார்களாம். நியூயார்க்கின் போதை ஊசி, சாட்டை விவகாரங்களை, விரல் காதில் வைத்து மாலுமிப் பாட்டு பாடும் கூட்டத்துக்கு நடுவே பாடுவது! பென்டாங்கிள் என்ற ஃபோக் குழுவின் கிட்டார் விரல்நடையும் அவர்களைப் பாதித்தது. இந்த இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு விடைதான் கோமஸ்.

போவி தொடர்பு உண்மை. 1969-இல் அவர் பெக்கன்ஹாமில் த்ரீ டன்ஸ் என்ற மதுக்கடையின் பின்னறையில் ஞாயிறு இரவுகளில் ஆர்ட்ஸ் லேப் என்று ஒன்றை நடத்தினார். கவிதை, பொம்மலாட்டம், பாட்டு எதுவும் வரலாம். கோமஸ் அங்கே அடிக்கடி வாசித்தது. அந்த வருடம் நவம்பரில் லண்டன் பர்செல் ரூம் அரங்கில் போவி நடத்திய கச்சேரியில் அவருக்கு முன்னால் வாசித்ததும் இவர்கள்தான். அப்புறம் அவர் எங்கே போனார், இவர்கள் எங்கே போனார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, ஏன் இவ்வளவு பயமாக இருக்கிறது?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான். நானும் பல வருடம் யோசித்திருக்கிறேன்.

முதலில், பயமுறுத்தும் சாமான் எதுவும் இதில் இல்லை. மெட்டல் இசையில் கிட்டாரின் கரகரப்பு இருக்கும், டிரம் இடிக்கும், இது பயங்கரம் என்று காது முன்கூட்டியே தயாராகிவிடும். இங்கே இருப்பது அகூஸ்டிக் கிட்டார், புல்லாங்குழல், ஓபோ, வயலின். தேநீர் விருந்துக்குக் கூப்பிடக்கூடிய கருவிகள். இவையே உறுமுகின்றன. சாதுவான வீட்டு நாய் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டருகே பல்லைக் காட்டினால் எப்படி இருக்கும்? தெருநாய் காட்டுவதைவிட அதுதான் வயிற்றைக் கலக்கும்.

இரண்டாவது, டிரம் செட் கிடையாது. கைமேளங்கள் மட்டும்தான், அதுவும் சில இடங்களில். சாதாரண ராக் பாட்டில் டிரம் ஒரு தரை மாதிரி, மேலே எவ்வளவு கூத்து நடந்தாலும் காலை ஊன்றிக்கொள்ளலாம். கோமஸில் தாளத்தைக் கிட்டாரும் பேஸும் வயலினும் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்கின்றன. வேகம் திடீரென்று ஏறும், சட்டென்று நிற்கும், எண்ணிக்கை மாறும். 'டயானா' பாட்டின் தொடக்கத்தில் பேஸ் வழுக்கி வழுக்கி வரும்போது யாரோ நொண்டிக்கொண்டே நம் பின்னால் நடப்பதுபோல் இருக்கும். வேகமாக நடப்பவரைவிட நொண்டி வருபவர் ஏன் அதிகம் பயமுறுத்துகிறார் என்று தெரியவில்லை, ஆனால் பயமுறுத்துகிறார்.

மூன்றாவது குரல்கள். ரோஜர் வூட்டனின் குரல் ஒரே வரிக்குள் ஆடு கத்துவதுபோல் நடுங்கும், பன்றிபோல் உறுமும், அடுத்த வரியில் நல்ல பிள்ளையாகிவிடும். அவர் வேறு வேறு பாத்திரங்களாக நடிப்பதில்லை, ஒரே ஆளுக்குள் இத்தனையும் இருக்கின்றன என்று காட்டுகிறார். அவருக்கு மேலே பாபி வாட்சனின் குரல் மெல்லியதாக, கண்ணாடி மாதிரி மிதக்கும். அந்தக் குரல் ஆறுதல் சொல்ல வரவில்லை. அதே கெட்ட சொற்களை அதே தூய்மையோடு பாடுகிறது. எனக்கு முதுகு சில்லிட்டது அங்கேதான். ஆணின் உறுமலில் அவ்வளவு இல்லை.

நான்காவது, அழகு. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கோரமான பாட்டு என்றால் ஒரு தடவை கேட்டுவிட்டு மறந்துவிடுவோம். இந்த மெட்டுகள் உண்மையிலேயே அழகானவை. பல் தேய்க்கும்போது வாயில் வந்துவிடும். வந்த பிறகுதான் என்ன பாடுகிறோம் என்று உறைக்கும். என் மனைவி ஒரு நாள் சமையலறையிலிருந்து "அந்தப் பாட்டை நிறுத்துங்க, பால் திரிஞ்சுடும்" என்றாள். அதற்கு அடுத்த வாரம் அவளே அதன் மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு பாட்டும் என்ன சொல்கிறது?

மொத்தம் ஏழு, ஏறக்குறைய 50 நிமிடம்.

'டயானா': ரோமப் புராணத்தில் டயானா வேட்டைக்கும் கன்னிமைக்கும் உரிய தெய்வம். தன்னைக் குளிக்கும்போது பார்த்தவனை மானாக்கி அவனுடைய நாய்களையே ஏவியவள். பாட்டில் எல்லாம் தலைகீழ். காமம் துரத்துகிறது, கற்பு ஓடுகிறது, நாய்கள் குரைக்கின்றன. வேட்டைக்காரியே இரை.

'தி ஹெரால்ட்': 12 நிமிடம். விடியலை அறிவிக்கும் தூதன் பற்றியது. இதில் வன்முறை இல்லை. பாபி வாட்சன் பாட, கிட்டார்களும் ஓபோவும் மெல்லப் பின்னிக்கொண்டு போகும். இதைத் தனியாக எடுத்துக் கேட்டால் உலகத்தின் மிக அமைதியான பாட்டுகளில் ஒன்று என்பீர்கள். ஆனால் இது 'டயானா'வுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் இருக்கிறது. கொலை நடக்கப்போகிற வீட்டில் யாரோ தாலாட்டுப் பாடுவதுபோல ஆகிவிடுகிறது.

'ட்ரிப் ட்ரிப்': கிட்டத்தட்ட 11 நிமிடம். கொன்றவனே பேசுகிறான், செத்த பெண்ணிடம், அன்பாக. அவளைக் கையில் ஏந்திப் புதைக்கக் கொண்டுபோகிறான். 'என் கைகளே உன் பாடை' என்ற பொருளில் ஒரு வரி வரும், அதை மட்டும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். இசைத்தட்டின் உச்சம் இதுதான் என்பேன்.

'சாங் டு கோமஸ்': மில்டனின் காடு, முடிவு இல்லாமல். குழலும் கிட்டாரும் துள்ளலாக ஆரம்பித்து, போகப் போகச் சொற்கள் துண்டு துண்டாக வெட்டப்படும்.

'தி பைட்': ஒரு கிறிஸ்தவனின் சித்திரவதை, தூக்கு. 'பிட்டன்' அதைத் தொடரும் இரண்டு நிமிடக் கருவியிசை, வெறும் கீறலும் முனகலும். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது, ஆனால் குதித்துத் தாண்டியதும் இல்லை.

'தி பிரிசனர்': மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, மூளைக்கு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட ஒருவரின் குரல்.

பெண்கள்மீது நடக்கும் வன்முறையைப் பாடுகிறார்கள். இதை எப்படி ரசிக்கிறீர்கள்?

நியாயமான கேள்வி. 'சாங் டு கோமஸ்' எனக்கு இன்றைக்கும் நெருடுகிறது. பாதிக்கப்படும் பெண்ணுக்கு அந்தப் பாட்டில் பேச்சே இல்லை. மில்டனுடைய பெண் பக்கம் பக்கமாக வாதாடியவள் என்பதை நினைத்தால் இன்னும் உறுத்தும். இருபது வயசுப் பையன்கள் அதிர்ச்சி கொடுப்பதற்காகவே எழுதிய வரிகளும் இதில் உண்டு என்று நினைக்கிறேன். மழுப்ப விரும்பவில்லை.

ஆனால் இங்கிலாந்தின் பழைய பாலட்களை, அதாவது கதைப் பாட்டுகளை, புரட்டிப் பாருங்கள். காதலியைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கொன்று ஆற்றங்கரையில் புதைப்பவன் அங்கே அநேகம். நூற்றாண்டுகளாக அந்தப் பாட்டுகளை இனிய குரலில், கதவோரம் உட்கார்ந்து, ஆறிப்போன செய்தி மாதிரி பாடிவந்தார்கள். கோமஸ் செய்தது அந்த இனிமையைக் கழற்றியது. கேட்பவருக்கு வசதியான தூரத்தைக் கொடுக்கவில்லை. கொலைகாரனின் மண்டைக்குள் உங்களை உட்கார வைத்து, அது உள்ளே எவ்வளவு சுகமாக, எவ்வளவு நியாயமாகத் தோன்றுகிறது என்று காட்டியது.

பாட்டுகளின் வரிசையையும் பாருங்கள். தொடக்கத்தில் வேட்டையாடுபவன் பக்கம் நிற்கிறோம். கடைசிப் பாட்டில் கூண்டுக்குள் இருக்கிறோம், வெளியே வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள். காட்டில் நடந்ததை மருத்துவமனையில் சட்டப்படி செய்கிறார்கள். திட்டம் போட்டுத்தான் இப்படி அடுக்கினார்களா என்பது வேறு விஷயம், என் காதில் அப்படித்தான் விழுகிறது. இதெல்லாம் தெரிந்தும் கேட்க முடியவில்லை என்றால் கேட்காதீர்கள். உங்கள் ரசனையில் குறை ஒன்றும் இல்லை.

சாத்தான் வழிபாடு சம்பந்தப்பட்டதா?

இல்லை. மில்டனில் கோமஸ் மதுக்கடவுள் பாக்கஸுக்கும் சூனியக்காரி சர்சிக்கும் பிறந்தவன், சாத்தானின் சொந்தக்காரன் அல்ல. இவர்கள் கலைக் கல்லூரிப் பிள்ளைகள், அவ்வளவுதான்.

அந்த அட்டைப்படம்?

ரோஜர் வூட்டன் வரைந்தது, சாதாரண பால்பாயிண்ட் பேனாவால். எலும்பும் நரம்புமாக முறுக்கிக்கொண்டு தவழும் ஒரு உருவம். பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் அலுப்பில் கிறுக்கும் அதே கருவி என்பதால்தானோ என்னவோ, பார்த்தவுடன் ஏதோ நோயாளியின் நோட்டைத் திறந்துவிட்டதுபோல் தோன்றும். விரித்தால் உள்ளே இருக்கும் ஓவியம் க்ளென் கோரிங்குடையது. பாட்டைக் கேட்பதற்கு முன்னாலேயே அட்டை பாதி வேலையை முடித்துவிடும். செல்போன் திரையில் நகம் அளவுக்குப் பார்த்தால் எதுவும் தெரியாது, பெரிதாக்கிப் பாருங்கள்.

இவ்வளவு நல்ல இசைத்தட்டு ஏன் விற்கவில்லை?

வெளியிட்டது டான் என்ற நிறுவனம், பை ரெக்கார்ட்ஸின் கிளை. டான் என்றால் விடியல். 1970-இல் மங்கோ ஜெர்ரியின் 'இன் தி சம்மர்டைம்' பாட்டால் பணம் அள்ளிய இடம் அது. கோடை, வெயில், கார், பெண்கள் என்று கைதட்டிப் பாடும் பாட்டு. அதன் தயாரிப்பாளர் பேரி முர்ரேதான் கோமஸுக்கும் தயாரிப்பாளர்! இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஒரே நிறுவனம், ஒரே மனிதர், ஒரு வருட இடைவெளிகூட இல்லை என்று நம்புவது கஷ்டம்.

அப்புறம் கெட்ட நேரம். 1971 ஜனவரி 20 முதல் மார்ச் 8 வரை பிரிட்டனில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம். 47 நாள். பத்திரிகைக்காரர்களுக்கு இசைத்தட்டு போவதும், கடைகளுக்கு விவரம் போவதும், வாசகர்கள் காசோலை அனுப்பி வாங்குவதும் தபாலில் நடந்த காலம். சரியாக அந்த இடைவெளியில் இது வெளியானது. அதே பிப்ரவரியில்தான் அந்த நாட்டின் காசு கணக்கே ஷில்லிங்கிலிருந்து தசம முறைக்கு மாறியது. ஜனங்கள் கடையில் சில்லறை எண்ணிக் குழம்பிக்கொண்டிருந்தார்கள், தவழும் எலும்புக்கூட்டை யார் கவனிப்பார்கள்.

ஆனால் தபால்மீது முழுப் பழியையும் போடக்கூடாது. தபால் ஓடியிருந்தாலும் இது விற்றிருக்காது என்பது என் எண்ணம். ஃபோக் ரசிகர்களுக்கு இது அசிங்கம். ராக் ரசிகர்களுக்கு இதில் டிரம் இல்லை. வானொலியில் போட வழியே இல்லை.

இரண்டாவது இசைத்தட்டு கேட்க வேண்டுமா?

'டு கீப் ஃப்ரம் க்ரையிங்', 1974, வர்ஜின் நிறுவனம். கலைந்துபோன குழுவின் பழைய ஆறு பேரில் ரோஜர் வூட்டன், பாபி வாட்சன், ஆண்டி ஹெலபி மட்டும் மறுபடி சேர்ந்தார்கள். டிரம்ஸும் கீபோர்டும் வந்தாயிற்று. காங் குழுவின் டிடியே மலெர்ப், ஹென்றி கவ் குழுவின் லிண்ட்சே கூப்பர் ஆகியோர் விருந்தினர்கள். பாட்டுகள் கச்சிதமாக, ஓரளவு இனிமையாக இருக்கும். வேறு பெயரில் வந்திருந்தால் பரவாயில்லை என்று சொல்லியிருப்போம். கோமஸ் என்று போட்டு வந்ததால் ஏமாற்றம். அவசரமில்லை, என்றாவது மழைநாளில் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது இசைத்தட்டாக வந்திருக்க வேண்டியது 'மால்கார்ட் சூட்' என்ற நீண்ட படைப்பு. குழு கலைந்ததால் ஸ்டுடியோவில் பதிவாகவே இல்லை. 1972-இல் மேடையில் எடுத்த கரடுமுரடான ஒலிநாடா ஒன்று மட்டும் பல வருடம் கழித்துக் கிடைத்தது.

பிறகு யார் தோண்டி எடுத்தார்கள்?

கடைசியில் இவர்களைத் தேடி வந்தது ஃபோக் உலகம் அல்ல. இங்கிலாந்தில் கரண்ட் 93 என்ற குழுவை நடத்தும் டேவிட் டிபெட் 'டயானா'வைத் தன் பாணியில் பாடி, போகிற இடமெல்லாம் கோமஸ் கோமஸ் என்று சொன்னார். ஸ்வீடனின் மெட்டல் குழு ஓபெத், 1998-இல் வெளியிட்ட தன் மூன்றாவது ஆல்பத்துக்கு 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹர்ஸ்' என்று பெயர் வைத்தது. நினைவில் வைக்கச் சொன்னேனே, 'ட்ரிப் ட்ரிப்'பின் அந்த வரிதான் இது. 2005-இல் வந்த அவர்களின் 'கோஸ்ட் ரெவரீஸ்' ஆல்பத்தில் 'தி பேயிங் ஆஃப் தி ஹவுண்ட்ஸ்' என்ற பாட்டின் தலைப்பும் 'டயானா'வில் குரைக்கும் நாய்களிடமிருந்து வந்ததே. ஓபெத் ரசிகர்கள் இந்தத் தலைப்புகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய்க் கோமஸை அடைந்தார்கள். நானும் அப்படி வந்தவன்தான். ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரன் வைத்திருந்த ஓபெத் ஆல்பத்தின் தலைப்புக்கு அர்த்தம் தேடிப் போய், இங்கே வந்து விழுந்தேன்.

மெட்டல்காரர்களுக்கு இது பிடித்ததில் ஆச்சரியமில்லை. அவர்கள் பத்து ஆம்ப்ளிஃபையர் வைத்துச் செய்ய முயன்றதை ஒரு வயலினும் ஒரு நடுங்கும் குரலும் செய்துவிட்டன.

பழைய குழு மறுபடி சேர்ந்து மேடையில் வாசித்ததா?

வாசித்தது. 2008 மார்ச்சில், ஸ்வீடனில், மெல்லோபோட் என்ற இசைவிழாவில், கப்பல் மேடையில். 36 வருட இடைவெளிக்குப் பிறகு! பழைய ஆறில் ஐந்து பேர் வந்தார்கள். ராப் யங்கின் இடத்தில் ஜான் சீக்ரோட் குழல் வாசித்தார். அதன் பதிவு 'ஈஸ்ட் ஆஃப் ஸ்வீடன்' என்ற பெயரில் கிடைக்கிறது. 60-ஐ நெருங்கியவர்கள் அந்தப் பாட்டுகளைப் பாடுவது இன்னொரு விதமாக உறுத்தும். இளைஞனின் வெறி கிழவனின் நினைவாக மாறிவிடுகிறது. கைதட்டல் அடங்க நேரமாகிறது, கேளுங்கள்.

2012-இல் 'அவுட் ஆஃப் தி கோமா' வந்தது. மூன்று புதிய பாட்டுகள், கூடவே நான் மேலே சொன்ன 1972 'மால்கார்ட் சூட்' ஒலிநாடா. புதிய பாட்டுகள் கௌரவமானவை. பழைய ஒலிநாடா இரைச்சலோடு இருந்தாலும் அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

ஆங்கிலம் சரியாகப் புரியாது. கேட்கலாமா?

தாராளமாக. முதல் தடவை எனக்கும் பாதி வரிகள் பிடிபடவில்லை, அவர் பாடும் விதத்தில் ஆங்கிலேயருக்கே பிடிபடாது. ஏதோ தப்பு நடக்கிறது, என்னவென்று தெரியவில்லை என்ற அந்த நிலையிலேயே இரண்டு மூன்று தடவை கேளுங்கள். பிறகு வரிகளைத் தேடிப் படியுங்கள். எதிர் வரிசையில் செய்தால் பாதி மாயம் போய்விடும்.

எப்படிக் கேட்பது நல்லது?

ராத்திரி, ஹெட்ஃபோனில், முதல் பாட்டிலிருந்து வரிசையாக. பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தானைத் தொட வேண்டாம். 'தி ஹெரால்ட்' நடுவில் தூக்கம் வரும், வரட்டும். கார் ஓட்டும்போது வேண்டாம். பழைய இசைத்தட்டு வாங்க ஆசைப்பட்டால் முதல் பதிப்புகள் நூற்றுக்கணக்கான பவுண்டுக்குப் போகின்றன, மறுபதிப்பே போதும்.

குழந்தைகள் இருக்கும்போது?

வேண்டாம்.

பிடித்துவிட்டது. அடுத்து என்ன கேட்பது?

இதே மாதிரி இன்னொன்று கிடைக்காது, அதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். ரொம்பப் பக்கத்தில் வருவது ஜான் டியூக்ஸ் டி கிரே என்ற குழுவின் 'மைஸ் அண்ட் ரேட்ஸ் இன் தி லாஃப்ட்', அதுவும் 1971. தலைப்புப் பாட்டு ஒரு பலிச் சடங்கு. பயம் வேண்டாம், சோகம் போதும் என்றால் ட்ரீஸ் குழுவின் 'ஆன் தி ஷோர்'. டப்ளினிலிருந்து வந்த மெல்லோ கேண்டில் 1972-இல் ஒரே ஒரு ஆல்பம், 'ஸ்வாட்லிங் சாங்ஸ்', போட்டுவிட்டு மறைந்தது. இரண்டு பெண் குரல்கள் ஒன்றை ஒன்று துரத்தும் அழகுக்காகவே கேட்கலாம். சைமன் ஃபின்னின் 'பாஸ் தி டிஸ்டன்ஸ்' தனி ஆளின் ஆவேசம், ஒரே மூச்சில் கேட்க முடியாது.

ஒரே ஒரு பாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது. எது?

'ட்ரிப் ட்ரிப்' என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் 'டயானா'வைக் கேளுங்கள். நாலரை நிமிடம்தான். முடிந்ததும் உடனே நிறுத்தாமல் 'தி ஹெரால்டி'ன் முதல் சில நொடிகளையும் ஓடவிடுங்கள். நாய்களின் சத்தம் அடங்கி அந்த மெல்லிய ஒலி ஆரம்பிக்கும் இடத்தில் நிம்மதியாக மூச்சு விட்டீர்களா, இல்லை காதை இன்னும் கூர்மையாக்கிக்கொண்டீர்களா என்று எனக்கு எழுதுங்கள்.